கிணற்றடியும் வட்ஸ்அப்பும்: வகுப்புக்குச் சமூக ஊடகம் தொடங்கும் ஆசிரியருக்கு

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எல்லோரையும் போல நானும் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினேன். தரம் 10, புவியியல். முதல் நாள் நான் போட்டது பதினெட்டுப் பக்கக் குறிப்பு. மறுநாள் விடிய ஒரு பிள்ளை ரோசாப்பூப் படத்துடன் 'இனிய காலை வணக்கம் சேர்' என்று போட்டது. ஒன்று போட்டால் மற்றவை மரியாதைக்கென்றாலும் போடத்தானே வேண்டும்? எட்டரை மணிக்குள் முப்பது பூ. என் குறிப்பு மேலே எங்கேயோ போய் மறைந்துவிட்டது. அதை எத்தனை பேர் திறந்தார்கள் என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் குழு இரண்டு மாதத்தில் செத்துப்போனது. பிறகு வேறு வகுப்புகளுக்கு நான்கு தொடங்கினேன், அவற்றில் இரண்டு ஒழுங்காக நடந்தன. நடந்ததிலும் நடக்காததிலும் படித்ததை, இப்போதுதான் நியமனம் பெற்று வரும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பாடசாலை, தரம் 9 முதல் 11 வரை, நாற்பது பிள்ளைகள், பாதி வீட்டில் ஒரே ஒரு போன்: இதுதான் என் மனதில் உள்ள வகுப்பு. என் பாடம் புவியியல் ஆனபடியால் உதாரணங்கள் கிணறும் மழையுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குறிப்புக் கொடுப்பதற்காக என்றால் குழுவே வேண்டாம். பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ என்ற இணையப் பாடத்தளம் இருக்கிறது. ரியூசன் நோட்ஸ் இருக்கவே இருக்கிறது. பிள்ளை குறிப்புக்குள் மூழ்கிப்போய் இருக்கிறது, நீங்களும் ஒரு வாளி ஊற்ற வேண்டியதில்லை. வகுப்பறைக்குள் வர முடியாதவை சில உண்டு: வீட்டு வளவு, சந்தை, கடற்கரை, அம்மம்மாவின் பேச்சு. அவற்றை உள்ளே கொண்டுவர மட்டும் இந்தக் கருவி நல்லது. ஆகவே நீங்கள் கொடுக்கும் வேலை பிள்ளையைப் போனை வைத்துவிட்டு எழும்பிப் போக வைக்க வேண்டும். போய், எதையாவது பார்த்து, அளந்து, கேட்டுவிட்டு வந்து இரண்டு வரி போடட்டும். நான் கொடுக்கும் எல்லா வேலைக்கும் இதுதான் சோதனை.

முதலில் போன்களை எண்ணுங்கள்

இதைத் தாளில் செய்யுங்கள். 'வீட்டில் போன் இல்லாத ஆட்கள் கையை உயர்த்துங்கோ' என்று மட்டும் ஒருநாளும் கேட்காதீர்கள். இல்லாத பிள்ளை கை உயர்த்தாது, இருக்கிறது என்றே நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ஒரு துண்டுத்தாள் கொடுத்து, எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். நான் கேட்பவை இவை: வீட்டில் எத்தனை போன், அது யாருடையது, பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், டேட்டா மாதப் பக்கேஜா அல்லது தேவைப்படும்போது ரீலோட் போடுவதா, அதே போனில் படிக்கும் தம்பி தங்கச்சி எத்தனை பேர்.

மூன்றாவது கேள்விதான் உயிர்க்கேள்வி. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பனார் கடற்றொழில் செய்பவர். பின்னேரம் போனையும் எடுத்துக்கொண்டு போனால் விடியத்தான் திரும்புவார். அவர் வீட்டில் இருக்கும் நேரம் பிள்ளை பாடசாலையில். நான் 'இன்றிரவு ஒன்பது மணிக்குள்' என்று போட்ட ஒவ்வொரு வேலையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் செய்ய முடியாத வேலையாக இருந்தது. அது எனக்குத் தெரியவர ஒரு தவணை எடுத்தது. இப்போது எந்த வேலைக்கும் ஒரு சனி ஞாயிறு முழுவதும் அவகாசம் கொடுக்கிறேன்.

டேட்டாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் போடுவது வட்ஸ்அப்புக்கு மட்டும், அல்லது பேஸ்புக்குக்கு மட்டும் என்று விற்கும் சின்னப் பக்கேஜ். அந்தப் போனில் உங்கள் செய்தி வரும், படம் வரும். ஆனால் நீங்கள் அனுப்பிய இணைப்பைத் தட்டினால் வெளியே எதுவும் திறக்காது. பிள்ளை 'வேலை செய்யுதில்லை சேர்' என்று சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதனால் இணைப்பு அனுப்புவதை விட்டுவிட்டேன். தேவையான பகுதியைத் தட்டச்சுச் செய்து அப்படியே போடுகிறேன். வரைபடம் என்றால் ஒரு படம். விளக்கம் என்றால் ஒரு நிமிடக் குரல்பதிவு, அது வீடியோ தின்னும் டேட்டாவுக்குக் கிட்டவும் வராது.

அனுமதி

அதிபரிடம் வாயால் கேட்டால் போதாது. நோக்கம், வகுப்பு, எந்த ஊடகம், யார் அட்மின், எப்போது மூடுவீர்கள் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பெரும்பாலான பாடசாலைகளில் மாணவர் போன் கொண்டுவரவே கூடாது என்பதால், பிள்ளையின் பங்கு எல்லாம் வீட்டில்தான் நடக்கும் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். வகுப்பில் காட்ட வேண்டுமானால் உங்கள் மடிக்கணினியில் காட்டுங்கள்.

அடுத்தது பெற்றோர் கூட்டம். என்னுடைய முதல் கூட்டத்தில் நான் பத்து நிமிடம் தொழில்நுட்பம் பற்றி விளாசினேன். முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழும்பிக் கேட்டார்: "சேர், இந்தக் குறூப்பில என்ர பிள்ளையின்ர நம்பர் எல்லாப் பெடியளுக்கும் தெரியுமோ?" தெரியும். சாதாரண வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். அதை நான் யோசித்தே இருக்கவில்லை. பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் இது சின்ன விசயம் இல்லை.

அன்றிலிருந்து நான் செய்வது: குழுவில் சேருவது பெற்றோரின் இலக்கம், பிள்ளையினுடையது இல்லை. போன் வீட்டுப் போன், செய்தி வீட்டுக்கு வரும் செய்தி. இரண்டாவது அட்மினாக இன்னொரு ஆசிரியர் இருப்பார். நான் ஆண் என்பதால் ஒரு ரீச்சரைக் கேட்டுக்கொண்டேன். பெரிய வகுப்பு, பெற்றோரே ஒருவருக்கொருவர் பழக்கமில்லை என்றால், வட்ஸ்அப்பில் 'கொமியூனிற்றி' என்ற வசதி இருக்கிறது. அதன் அறிவித்தல் பகுதியில் உறுப்பினரின் இலக்கங்கள் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. ரெலிகிராமிலும் இலக்கத்தை மறைக்கலாம், ஆனால் அதற்கென்று புதிதாக ஒரு செயலியை இறக்கச் சொன்னால் பாதிப் பேர் இறக்கமாட்டார்கள்.

வயதையும் பாருங்கள். வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் சொந்தக் கணக்கு வைத்திருக்கக் கேட்பது குறைந்தது 13 வயது. தரம் 7, 8 பிள்ளைகள் என்றால் பெற்றோரின் கணக்கைத் தவிர வேறு வழியே இல்லை.

எந்த ஊடகம்?

நீண்ட யோசனை தேவையில்லை. வகுப்பு வேலைக்கு வட்ஸ்அப், ஏனென்றால் அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. யூரியூப்பில் மற்றவர் பாடத்தைக் காட்டலாம். நீங்களே பதிவுசெய்தால், தேடலில் வராமல் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைக்க முடியும், முதல் ஆறு மாதம் அப்படியே வையுங்கள். பேஸ்புக் முடிந்த வேலையை ஊருக்குக் காட்டுவதற்கு மட்டும், அதுவும் பாடசாலையின் பக்கத்தில், உங்கள் சொந்தப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் 'சூப்பர்' என்று போடுவது பிள்ளைகளுக்குச் சந்தோசம்தான், அதற்காகக் கிழமைக்கு மூன்று பதிவு போடத் தொடங்கினால் அது பாடம் இல்லை, விளம்பரம். டிக்டொக்கில் வகுப்பு நடத்த நான் முயன்றதில்லை. ஆனால் பிள்ளைகள் அதில் பார்த்த ஒன்றை வகுப்பில் எடுத்து 'இது சரியா?' என்று பிரித்துப் பார்க்க அருமையான சரக்கு அங்கே கிடைக்கும்.

குழுவை அமைக்கும் நாள்

சொந்த இலக்கத்தில் தொடங்காதீர்கள். தனியாக ஒரு சிம் எடுங்கள். இரவு பதினொரு மணிக்கு உங்கள் 'கடைசியாகப் பார்த்த நேரம்' நாற்பது வீடுகளில் பேசுபொருள் ஆக வேண்டியதில்லை.

குழுவின் பெயரில் ஆண்டும் வகுப்பும் பாடமும் இருக்கட்டும். அமைப்புகளுக்குள் போய் நான்கை மாற்றுங்கள்: குழுவின் பெயரையும் படத்தையும் அட்மின் மட்டும் மாற்றலாம், புதியவரை அட்மின் மட்டும் சேர்க்கலாம், சேருபவரை அட்மின் ஏற்றால்தான் உள்ளே வரலாம், செய்தியை அட்மின் மட்டும் அனுப்பலாம். கடைசி அமைப்பை நீங்கள் வேண்டும்போது திறந்து மூடலாம். நான் சனி காலை திறந்து, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மூடுகிறேன். மற்ற நாட்களில் குழு அமைதி. ரோசாப்பூப் பிரச்சினை இந்த ஒரு அமைப்பிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

அழைப்பு இணைப்பைப் பொது இடத்தில் போடாதீர்கள். ஒருமுறை ஒரு பெற்றோர் நல்லெண்ணத்தில் அதைத் தன் பேஸ்புக்கில் போட, எங்கிருந்தோ மூன்று பேர் உள்ளே வந்து கடன் தருகிறோம் என்று விளம்பரம் போட்டார்கள். தரம் 10 புவியியல் குழுவில்.

விதிகள் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். வாழ்த்துப் படம் இல்லை. வேறு இடத்திலிருந்து வந்ததை முன்னனுப்ப வேண்டாம். மற்றவரின் முகம் உள்ள படம் வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு பதில்தான். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் முதலாவது விதி ஆட்டம் காணும், அதற்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கிணறு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வேலையை எப்படிக் கட்டுவது என்று இதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். அந்த நன்னீர் அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. இது பாடம். கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், பரீட்சைக்கு ஒப்புவிப்பார்கள். தங்கள் வீட்டுக் கிணறு அந்தப் படத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கமாட்டார்கள்.

வேலை இது. செப்டெம்பர் கடைசியில், மழைக்கு முன், ஒரு சனிக்கிழமை குழுவில் போட்டேன்:

'உங்கள் வீட்டுக் கிணறு அல்லது பக்கத்துக் கிணறு. பெரியவர் ஒருவருடன் போங்கோ. வாளியைத் தண்ணீரில் தொடும் மட்டும் இறக்கி, கிணற்றுக் கட்டின் விளிம்பில் கயிற்றைப் பிடித்து அடையாளம் வையுங்கோ. இழுத்தெடுத்து அளவுநாடாவால் அளங்கோ. கட்டின் உயரத்தையும் அளந்து கழியுங்கோ. போட வேண்டியது: ஊர், கிணற்றின் வகை, ஆழம், தண்ணீரின் சுவை. ஒரு படம், ஆள் இல்லாமல். எட்டிப் பார்க்க வேண்டாம்.'

அந்தக் கடைசி வரியை முதல் ஆண்டு நான் எழுதவில்லை. ஒரு பெடியன் கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை வைத்துத் தொங்கி எடுத்த படம் வந்தபோது எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்றது. வீட்டு வேலை கொடுக்கும்போது அது எங்கே நடக்கிறது என்று யோசியுங்கள், நீங்கள் அங்கே நிற்கப்போவதில்லை.

'ஆள் இல்லாமல்' என்பதற்கும் கதை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த அழகான கிணற்றுப் படம் ஒன்று வந்தது. பின்னால் வாழைகளுக்கிடையே சித்தப்பா தலைக்கு சம்போ போட்டுக் குளித்துக்கொண்டு நின்றார். அட்மின் மற்றவரின் பதிவையும் எல்லோருக்கும் அழிக்கலாம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

பதில்கள் இப்படி வரும்: 'தோட்டக் கிணறு. 14 அடி 3 அங்குலம். நல்ல தண்ணி.' 'வீட்டுக் கிணறு. 7 அடி. கொஞ்சம் சவர்.' திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிரிஸ்டல் மட்டையில் குடாநாட்டின் உருவம் வரைந்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரில் ஒரு பொட்டு வைத்தது. நல்ல தண்ணீருக்கு நீலம், சவருக்குச் சிவப்பு. பொட்டு வைத்து முடிய முன்னரே பின்வாங்கில் இருந்து ஒரு குரல்: 'சேர், சிவப்பு எல்லாம் கரையில.' நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏன் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. அதற்குப் பிறகு வில்லைப் படத்தைப் போட்டேன். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடிக்கு நன்னீர் நின்றால், கோட்பாட்டின்படி கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அப்படியென்றால் மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே என்ன நடக்கும்? அந்தக் கணக்கைப் போடும்போது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

இன்னொரு பிள்ளை படத்துடன் அப்பம்மாவின் குரலையும் பதிவுசெய்து போட்டிருந்தது, நான் கேட்காமலே. "மாரியில இது நல்ல தண்ணி மோனை, சித்திரையில வாயில வைக்கேலாது." ஒரே கிணறு, இரண்டு சுவை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் வில்லை தடிக்கிறது, கோடையில் இறைக்க இறைக்க மெலிகிறது. பாடநூலில் ஒரு பந்தியாக இருந்தது அப்பம்மாவின் வாயில் ஒரு வரியாக வந்துவிட்டது. ஜனவரியில் அதே கிணறுகளை மீண்டும் அளந்தோம். அந்த முறை நான் நினைவூட்டவே இல்லை, முதல் மழை நின்ற கிழமையே 'எப்ப அளக்கிறது சேர்?' என்று கேட்டார்கள்.

மற்றப் பாடங்களுக்கும் இதே அச்சுத்தான். கணிதம் என்றால் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காயின் விலையை ஐந்து கடையில் கேட்டு வந்து, இடையும் இடையமும் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தமிழ் என்றால் வீட்டில் உள்ள முதியவரிடம் ஒரு பொருளைக் காட்டி நாற்பது விநாடி பேச வையுங்கள்: சத்தகம், கடகம், நீத்துப்பெட்டி, சங்கடப்படலை, துலா. நாற்பது குரல்பதிவு வந்தால் அது ஒரு சின்ன அகராதி. வரலாற்றுக்கு நூலகம் இணையத்தளம் பொக்கிசம். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தைப் படமாக எடுத்துப் போட்டு, 'இதில் உள்ள ஒரு விளம்பரத்தை இன்றைய பேஸ்புக் பதிவாக மாற்றி எழுதுங்கோ' என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் உதயதாரகைப் பத்திரிகை 1841 இலேயே தொடங்கிவிட்டது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'வீட்டுப் பெரியவரிடம் பழைய கதை கேளுங்கோ' என்பது எங்கள் ஊரில் இலேசான வேலை இல்லை. இடப்பெயர்வும் இழப்பும் எந்த வீட்டில் எந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிறது என்று எமக்குத் தெரியாது. பொருளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு கதை வந்தால் அது அந்த வீட்டோடு இருக்கட்டும், நாற்பது போனுக்குப் போக வேண்டாம்.

வாக்கெடுப்பு பற்றி

வட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைக்கலாம், பன்னிரண்டு தெரிவுகள் வரை. பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய நல்ல வழி என்று நினைத்தேன். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் முதலாம் பிள்ளை ஒன்றைத் தொட்டதும் மற்ற எல்லா வாக்கும் அதற்குப் பின்னால் வரிசை கட்டும். சுற்றுலா எந்த நாள் என்று கேட்க வாக்கெடுப்பு நல்லது. விடை கேட்கத் தாள்தான் நல்லது.

போன் இல்லாத பிள்ளை

துண்டுத்தாளில் நான்கைந்து பேர் 'இல்லை' என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்காகத் தனி ஏற்பாடு செய்தால் அது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். அதனால் ஏற்பாட்டை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுங்கள். சனிக்கிழமை போடப்போகும் வேலையை வெள்ளிக்கிழமை கரும்பலகையிலும் எழுதுகிறேன், எல்லோரும் கொப்பியில் எழுதுவார்கள். பதிலைக் குழுவில் போடலாம் அல்லது திங்கட்கிழமை தாளில் தரலாம், இரண்டும் ஒன்று. கிணற்றுப் பொட்டு வைக்கும்போது எது எந்த வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

புள்ளியும் கொப்பிக்குத்தான். குழுவில் மட்டும் நடந்த எதற்கும் நான் புள்ளி போடுவதில்லை. நீல ரிக் விழுந்ததை வரவுப் பதிவேடாக எடுக்கும் ஆசிரியரையும் கண்டிருக்கிறேன். அந்த ரிக் யாருடைய விரல்? தகப்பனாரா, தங்கச்சியா?

முன்னனுப்பிய செய்தி ஒரு பாடம்

புரேவிப் புயல் வந்த 2020 டிசம்பரில், முதல் குழுவுக்குப் பிறகு நான் தொடங்கியிருந்த குழு இன்னும் கட்டுப்பாடில்லாமல் திறந்துதான் கிடந்தது. இரவோடிரவாக ஒரு படம் வந்தது: கடைத்தெருவில் இடுப்பளவு வெள்ளம், 'எங்கட ஊர், சற்றுமுன்' என்ற குறிப்புடன். அரை மணித்தியாலத்தில் மூன்று தாய்மார் எனக்குப் போன் எடுத்துவிட்டார்கள். அன்று நான் அந்தப் பெடியனைக் குழுவிலேயே ஏசினேன். அது பிழை. அவன் அடுத்த இரண்டு கிழமை வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இப்போது அப்படி ஒன்று வந்தால் அதை அழித்துவிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அனுப்பியவரின் பெயரை மறைத்து, வகுப்பில் மடிக்கணினியில் காட்டுகிறேன். முதலில் அம்புக்குறியைப் பார்க்கச் சொல்வேன். ஒரு செய்தி பலமுறை கைமாறி வந்திருந்தால் வட்ஸ்அப் அதில் இரட்டை அம்புக்குறி போடும். இரட்டை அம்பு உள்ள செய்தி 'சற்றுமுன்' எடுத்ததாக இருப்பது கடினம். அடுத்தது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. பெயர்ப்பலகை, வாகன இலக்கத்தகடு, மின்கம்பம், ஆட்களின் உடுப்பு. புரேவிப் படத்தை நான் பிறகு வகுப்பில் பெரிதாக்கிக் காட்டியபோது ஒரு பிள்ளை இரண்டாவது நிமிடத்தில் பிடித்தது: கடைப் பலகையில் இருந்தது மலையாள எழுத்து. அதற்கு மேல் கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடலாம். மழை, புயல் என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்க்க வேண்டும். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுத வைத்திருக்கிறேன்.

இந்தப் பாடத்துக்கு ஒரு பாடவேளை போதும். பிறகு வீட்டில் மாமா முன்னனுப்பியதைப் பிள்ளை பிடித்துவிட்டது என்று பெற்றோர் வந்து சொல்வார்கள், பாதி பெருமையாகவும் பாதி முறைப்பாடாகவும்.

தனிச்செய்தி வந்தால்

வரும். இரவு பத்து மணிக்கு 'சேர்' என்று ஒரு சொல் வரும். பாடக் கேள்வி என்றால் 'நாளைக்கு வகுப்பில் கேளுங்கோ, எல்லாருக்கும் உதவும்' என்ற ஒரே பதில். மாணவருடன் தனியாக உரையாடல் வளர்க்க வேண்டாம், எவ்வளவு நல்ல நோக்கம் என்றாலும். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

ஆனால் அந்த 'சேர்' எப்போதும் பாடக் கேள்வி இல்லை. யாரோ படத்தை வைத்து மிரட்டுவதாக, வீட்டில் அடிப்பதாக, வாழவே பிடிக்கவில்லை என்பதாக வந்தால் விதியைச் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். செய்தியை அழிக்காமல் வையுங்கள், பிள்ளையையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது அட்மினுக்கும் அதிபருக்கும் அன்றே தெரியப்படுத்துங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரை இழுத்துக்கொள்ளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக இயங்கும் இலக்கம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இவற்றில் எதற்கும் காத்திராமல் வீட்டுக்கு உடனே போன் எடுத்து, பிள்ளையைத் தனியே விடவேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டிலிருந்தே ஆபத்து என்றால் முதலில் 1929 தான்.

சட்டமும் இப்போது பக்கத்தில் நிற்கிறது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இரண்டு இருக்கின்றன. சட்டத்தரணி ஆக வேண்டாம். பிள்ளையின் பெயர், முகம், இலக்கம், புள்ளி நான்கையும் வெளியே விடாமல் இருந்தால் பெரும்பாலும் தலையிடி வராது. பேஸ்புக்கில் போடும் பரிசளிப்புப் படத்துக்கும் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள்.

மூடுவது

தொடங்கும்போதே மூடும் திகதியைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது ஆண்டிறுதிப் பரீட்சை முடிந்த கிழமை. மூடாத குழு என்ன ஆகும் என்றால், இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒரு பெற்றோர் காணி விற்பனை விளம்பரம் போடுவார், அட்மின் என்று உங்கள் பெயர் மேலே இருக்கும்.

அந்தக் கிழமை இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பயன்படும் அளவுகளையும் குரல்பதிவுகளையும் பெயர் நீக்கி ஒரு பென்டிரைவில் எடுங்கள். போனின் படத்தொகுப்பில் தானாக வந்து சேர்ந்த பிள்ளைகளின் படங்களை அழியுங்கள், நூற்றுக்கணக்கில் இருக்கும். குழுவில் ஒரு கடைசிச் செய்தி போட்டு ஒரு நாள் விட்டு, எல்லோரையும் நீக்கி, நீங்களும் வெளியேறி, உங்கள் போனிலிருந்தும் குழுவை அழித்துவிடுங்கள். சிம்மை எடுத்து மேசை லாச்சிக்குள் போடுங்கள்.

பிரிஸ்டல் மட்டையை எறிய வேண்டாம். அலுமாரிக்குப் பின்னால் செருகி வையுங்கள், கரையான் பார்த்து. அடுத்த தரம் 10 க்கு செப்டெம்பரில் அதே கிணறுகள் வேண்டும்.